தாடி ஐரிஸைக் கிண்டிப் பிரித்து மறுபடி நடுவது எப்படி

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தாடி ஐரிஸ் மே கடைசியில் பூக்கத் தொடங்கி யூன் நடுப்பகுதியோடு ஓய்ந்துவிடும். பிறகு நீண்ட இலைகள் மட்டும் நிற்கும். பலர் அடுத்த மே வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பழைய வேர் பட்டுப் புது வேர் ஓடுவதும், பக்கக் கிழங்குகள் பருப்பதும் பூ முடிந்த பிறகு வரும் யூலை, ஓகஸ்ட் மாதங்களில்தான். இடம் மாற்றுவதற்கும் அதுவே நேரம்.

எங்கள் ஆட்களின் வளவுகளில் ஐரிஸ் பூக்காமல் போவது பெரும்பாலும் கூடிப்போன கவனிப்பால். இஞ்சியும் மஞ்சளும் புதைத்துப் பழகிய கை இந்தக் கிழங்கையும் அரையடி ஆழத்தில் புதைக்கும், பின்னேரமானால் குழாயைத் திறக்கும், வருடத்துக்கு ஒருமுறை ஒரு மூட்டை மாட்டெருவைக் கொட்டும். மூன்றும் இதற்கு ஆகாது. கிழங்கின் முதுகு வெயில் பார்க்க வேண்டும், மண் காய வேண்டும், நைதரசன் குறைவாக இருக்க வேண்டும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் சுலபம்.

முதலில் அது தாடி ஐரிஸ்தானா?

பூவைப் பாருங்கள். மூன்று இதழ்கள் மேலே நிமிர்ந்து நிற்கும், மூன்று கீழே தொங்கும். தொங்கும் இதழின் நடுவில் மஞ்சள், செம்மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் மயிர்க்கற்றை ஒன்று இருந்தால் அது தாடி ஐரிஸ். பூ இல்லாத நேரத்தில் அடிமண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். பார்ப்பதற்கு இஞ்சி மாதிரி, கணுக்கணுவாகக் கிளைத்த பருத்த கிழங்கு மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும்.

சைபீரிய ஐரிஸுக்கு மெல்லிய புல் போன்ற இலையும் அடர்ந்த நார்வேரும் இருக்கும். அதை ஓரிரு அங்குலம் ஆழத்தில் நட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். கியூபெக் மாகாணம் 1999 இல் தன் சின்னமாக எடுத்துக்கொண்ட நீல ஐரிஸும் தாடி இல்லாத, சதுப்பில் வளரும் இனம். கீழே சொல்பவை இவற்றுக்குப் பொருந்தா. குளத்தோரங்களில் தானாகப் பரவிக் கிடக்கும் மஞ்சள் ஐரிஸை ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம். ஒன்ராறியோவின் நீர்நிலைகளில் அது ஆக்கிரமிப்புச் செடி.

இன்னொன்று: தாடி ஐரிஸின் கிழங்கு உண்ணத் தக்கதல்ல. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நாய் பூனைக்கும் அதே கதி. சாறு சிலருக்குத் தோலில் கடிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கழுவிய கிழங்குகளைக் குசினி மேசையில் காயவைக்காதீர்கள். இஞ்சி என்று நினைத்து யாராவது கையில் எடுக்க அதிக நேரம் ஆகாது.

எப்போது

ஒன்றாக நெருங்கி வளர்ந்த ஐரிஸ் கூட்டத்தை மூன்று அல்லது நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும். நடுப்பகுதி மொட்டையாகி ஓரங்களில் மட்டும் இலை இருந்தால், கிழங்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால், போன வருடம் எட்டுத் தண்டில் பூத்தது இந்த வருடம் இரண்டாகக் குறைந்திருந்தால், இனியும் தள்ளிப்போட முடியாது.

பூ முடிந்து ஆறு கிழமை கழிந்த பிறகு கிண்டலாம். தெற்கு ஒன்ராறியோவில் அது யூலை கடைசி. புது வேர் பிடிக்க நிலம் உறைவதற்கு முன் குறைந்தது ஆறு கிழமை வேண்டும் என்பதால் செப்டெம்பர் முதல் வாரம் எல்லை. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒட்டாவா, மொன்றியல் பக்கம் உள்ளவர்கள் இரண்டு கிழமை முந்திக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில், லண்டன் பக்கம் குளிர் அவ்வளவு கடுமையில்லை, செப்டெம்பர் நடுப்பகுதி வரை நடலாம். அங்கே எதிரி உறைபனியைவிடக் குளிர்கால ஈரம்.

மூன்று நான்கு நாள் மழையில்லாத காலமாகப் பார்த்துத் தொடங்குங்கள். வெட்டிய காயத்தில் ஈரமும் சூடும் சேர்ந்தால் அழுகல் பிடிக்கும்.

இடத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

ஒரு நாளில் ஆறு மணித்தியாலமாவது நேர் வெயில் விழும் இடம் வேண்டும். எட்டு என்றால் இன்னும் நல்லது. நான்கு மணித்தியால வெயிலில் இலை செழிக்கும், பூ வராது.

அடுத்தது வடிகால். புதிதாகக் கட்டிய வீடுகளில் மேலே நான்கு அங்குலம் கறுப்பு மண், அதற்குக் கீழே மெஷினால் இறுக்கிய களி என்றுதான் இருக்கும். ஓர் அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஓர் அங்குலமாவது இறங்கினால் போதும். இறங்காவிட்டால் அந்தக் களியோடு மல்லுக்கு நிற்காமல், அதன்மேல் ஆறு அங்குல உயரத்துக்கு மேடு கட்டி அதில் நடுங்கள். களிமண்ணில் ஒன்றிரண்டு மூட்டை மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்பது தப்பான கணக்கு, அது காய்ந்து சீமெந்தாக இறுகும். மக்கிய இலைக் கொம்போஸ்டை இரண்டு அங்குலம் பரப்பி, மேல் எட்டு அங்குல மண்ணோடு கொத்திக் கலப்பது மேல். பச்சை மாட்டெருவும் கோழியெருவும் வேண்டாம்.

அமெரிக்கக் கையேடுகள் பல சுண்ணாம்பு போடச் சொல்லும். அங்குள்ள அமில மண்ணுக்கு அது சரி. தெற்கு ஒன்ராறியோ மண்ணில் சுண்ணாம்புக்கல் அடியிலேயே கிடக்கிறது, மேலும் போடத் தேவையில்லை.

கிண்டுதல்

வேண்டியவை: நான்கு பல் உள்ள தோட்ட முள், கூரிய கத்தி, கத்தரி, கறுப்பு மார்க்கர், இரண்டு வாளி. ஒரு வாளியில் ஒன்பது பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டுப் பிளீச் கலந்து வையுங்கள். பிளீச்சோடு வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவமும் சேரக்கூடாது.

கிண்டுவதற்கு முன்னரே இனத்தின் பெயரை, பெயர் தெரியாவிட்டால் நிறத்தை, ஒவ்வொரு இலைவிசிறியிலும் (கிழங்கின் நுனியில் விசிறி போல விரிந்து நிற்கும் இலைக்கொத்து) மார்க்கரால் எழுதிவிடுங்கள், இலையின் அடிப்பக்கமாக. கழுவிய பிறகு எல்லாக் கிழங்கும் ஒரே முகமாகத்தான் இருக்கும், ஊதாவும் வெள்ளையும் கலந்துபோனால் அடுத்த வருடம்தான் தெரியும்.

இலைகளை ஆறு அங்குல உயரத்துக்கு வெட்டுங்கள், நடு உயர்ந்து இரு பக்கமும் சரிந்த கூரை வடிவில். அழகுக்காக அல்ல. வேர் அறுபட்ட கிழங்கால் முழு இலைக்கும் தண்ணீர் இழுத்துக் கொடுக்க முடியாது, உயரமான இலையைக் காற்று பிடித்து ஆட்டினால் புது வேரும் அறுந்துபோகும். ஆனால் இடம் மாற்றாத செடியின் பச்சை இலையைக் கோடையில் வெட்டாதீர்கள். கிழங்கு பருப்பது அந்த இலையால்தான்.

முள்ளைக் கூட்டத்திலிருந்து ஆறேழு அங்குலம் தள்ளி இறக்கி, சுற்றிவரக் கிளப்பி, கூட்டம் முழுவதையும் ஒரே தட்டாகத் தூக்குங்கள். மண்வெட்டி போட்டால் கிழங்கில் வெட்டு விழும். மண்ணை உதறிக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் எது எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

எதை வைப்பது, எதை எறிவது

ஐரிஸ் கிழங்கு ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்து முடிந்த தாய்க்கிழங்கின் தலையில் காய்ந்த பூத்தண்டின் வடு வட்டமாகத் தெரியும். அதன் இரு பக்கமும் குட்டிக் கிழங்குகள் கிளைத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் இலைவிசிறி நிற்கும். இனிப் பூக்கப்போவது அவைதான். குட்டி தாயோடு சேரும் இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், அங்கே ஒரே வெட்டாக வெட்டுங்கள். கையால் முறித்தாலும் வரும், காயம் கரடுமுரடாக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தியைப் பிளீச் நீரிலோ 70 வீத ரப்பிங் அல்கஹோலிலோ தோய்த்துத் துடையுங்கள்.

வைக்க வேண்டியது: பெருவிரல் பருமனாவது இருந்து, அழுத்தினால் கெட்டியாக, அடியில் வெள்ளை வேரும் நுனியில் ஐந்தாறு இலை கொண்ட விசிறியும் உள்ள கிழங்கு. இலையில்லாத பழைய தாய்க்கிழங்கை எறிந்துவிடலாம். அபூர்வ இனமாக இருந்தால் மட்டும் மூலையில் எங்காவது நட்டுவையுங்கள், சிலவேளை பக்கத்தில் முளை வரும், ஆனால் பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். விரல் நுனியளவு குட்டிகளைப் பிரிக்காமல் பெரியதோடு விட்டுவிடுவது உத்தமம்.

இப்போது ஒவ்வொரு கிழங்கையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவு ஓட்டையும் அதன் வாயில் மரத்தூள் மாதிரி ஒரு கழிவும் தெரிந்தால் உள்ளே ஐரிஸ் துளைப்பான் புழு இருக்கிறது. வெட்டித் திறந்தால் வெளிறிய இளஞ்சிவப்பு உடலும் செம்பழுப்புத் தலையுமாக, ஒன்றரை அங்குலப் புழு கிடக்கும். வட அமெரிக்காவில் ஐரிஸுக்கு இதுதான் முதல் எதிரி. பிரித்தானியாவில் இது இல்லை. இலையுதிர் காலத்தில் அந்துப்பூச்சி காய்ந்த இலைகளில் முட்டை இடும், ஏப்ரல், மே மாதங்களில் பொரிக்கும் சிறு புழு இளம் இலையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி யூலையில் கிழங்குக்குள் போய்விடும். ஓகஸ்ட்டில் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். ஆக, யூலை கடைசியிலோ ஓகஸ்ட் தொடக்கத்திலோ கிண்டினால் கள்ளனை வீட்டுக்குள்ளேயே பிடிக்கலாம். புழுவை நசுக்கி, தின்ற பகுதியை வெட்டி எறியுங்கள். கெட்டியான துண்டில் இலைவிசிறி இருந்தால் அது பிழைக்கும். மண்ணில் கடும்பழுப்புக் கூட்டுப்புழு தென்பட்டால் அதையும் விடாதீர்கள்.

அமெரிக்க இணையத்தளங்கள் இந்தப் புழுவுக்குச் சொல்லும் இரசாயனங்களை இங்கே தேடி அலைய வேண்டாம். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் முதல் வீட்டுத் தோட்ட அலங்காரத்துக்கான பூச்சிகொல்லிகளுக்குத் தடை. வேண்டுமென்றால் நன்மை செய்யும் நெமற்றோடுகளை (பூச்சிப் புழுக்களைக் கொல்லும் நுண்ணிய புழுக்கள்) வசந்தத்தில் வாங்கி ஈரமான மண்ணில் ஊற்றலாம். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது நவம்பரில், கடும் உறைபனி விழுந்து அந்துப்பூச்சிகள் ஓய்ந்த பிறகு, காய்ந்த இலைகளை ஒட்ட வெட்டிக் குப்பை பையில் கட்டி அனுப்புவது. முட்டை அதோடு போய்விடும். அந்த இலைகளை வீட்டுக் கொம்போஸ்டில் போடக்கூடாது.

இரண்டாவது எதிரி பற்றீரியா அழுகல். இது மூக்குக்குத்தான் முதலில் தெரியும், அப்படியொரு நாற்றம். கிழங்கு தயிராகக் குழைந்து தோல் மட்டும் மிஞ்சும், இலைவிசிறி தானாகச் சரியும். பெரும்பாலும் புழு போட்ட ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது. குழைந்த பகுதியைப் பழைய கரண்டியால் சுரண்டி, வெள்ளையான கெட்டிச் சதை வரும் வரை எடுங்கள். பிறகு பிளீச் நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். பாதிக்குமேல் போயிருந்தால் சுரண்டி நேரத்தை வீணாக்காமல் எறிந்துவிடுங்கள்.

நல்ல கிழங்குகளை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு நாள் முழுக்கப் பரப்பி வையுங்கள், கராஜ் தரை போதும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். இரண்டு வாரம் அப்படியே கிடந்தாலும் சாகாது, ஆகவே அவசரப்பட்டு ஈரக் காயத்தோடு நட வேண்டியதில்லை.

நடுதல்

ஓர் அடி அகலம், ஐந்து அங்குல ஆழத்தில் குழி எடுங்கள். குழியின் நடுவில் மண்ணைக் குவித்துச் சிறு வரம்பு ஒன்று செய்யுங்கள், அதன் முதுகு சுற்றுநிலத்தின் மட்டத்துக்கு வர வேண்டும். கிழங்கை அந்த வரம்பின்மேல் படுக்கவைத்து, வேர்களை இரு பக்கமும் பிரித்துக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். வேரின்மேல் மண் போட்டுக் கையால் நன்றாக அழுத்துங்கள். வேருக்கடியில் காற்றிடம் இருந்தால் பிடிக்காது. முடிந்ததும் பார்த்தால் வேர் மண்ணுக்குள்ளும், கிழங்கின் மேல்முதுகு வெளியே தெரிந்தபடியும் இருக்க வேண்டும். களிமண்ணில் மேல் மூன்றில் ஒரு பங்கு தெரியட்டும். மணல் நிலத்தில் அரை அங்குலம் மண் மூடினால் குற்றமில்லை. அதற்குமேல் புதைத்தால் இலை வரும், பூ வராது, ஈரமான வருடத்தில் கிழங்கே அழுகும்.

நட்டுவிட்டு எழும்பியதும் ஏதோ அரைகுறையாக விட்டது போலத் தோன்றும், ஒரு கூடை மண்ணைக் கொட்டி மூடச் சொல்லிக் கை அரிக்கும். மூடாதீர்கள். மரத்தூள், மரச்சீவல் மூடாக்கும் கிழங்கின்மேல் போடக்கூடாது.

உயரமான இனங்களுக்கு ஒன்றரை அடி இடைவெளி விட்டால் நான்கு வருடம் கவலையில்லை. ஓர் அடி விட்டால் இரண்டாவது வருடமே நிறைந்து தெரியும், ஆனால் சீக்கிரம் பிரிக்க வேண்டிவரும். குள்ள இனங்களுக்கு ஆறிலிருந்து எட்டு அங்குலம்.

திசையையும் பாருங்கள். கிழங்கு எப்போதும் இலைவிசிறி இருக்கும் பக்கமாகத்தான் முன்னேறும். ஒரே இனத்தில் மூன்று கிழங்கை முக்கோணமாக நடும்போது வால்முனைகளை உள்ளே, விசிறிகளை வெளியே பார்க்க வையுங்கள். உள்பக்கம் பார்க்க வைத்தால் ஒரே வருடத்தில் ஒன்றோடொன்று முட்டும். வரிசையாக நட்டால் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும், விசிறி வடக்கே, வால் தெற்கே என்றால் கிழங்கின் முதுகில் இலை நிழல் விழாது. இரண்டு இனங்களை நெருக்கி நட வேண்டாம். "வெள்ளை நட்டேன், ஊதாவாக மாறிவிட்டது" என்ற முறைப்பாடு எல்லாம் இப்படி வருவதுதான். ஐரிஸ் நிறம் மாறுவதில்லை, பலமான பழைய ஊதா இனம் பலவீனமானதை நெருக்கிக் கொன்றுவிடும், அல்லது காய் வெடித்து விழுந்த விதை வேறு நிறத்தில் முளைக்கும். பூ வாடியதும் தண்டை அடியோடு வெட்டிவிட்டால் இரண்டாவது தொல்லை இல்லை.

தண்ணீரும் பசளையும்

நட்ட அன்று ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள், மண் வேரோடு ஒட்டட்டும். பிறகு மழை இல்லாத வாரங்களில் கிழமைக்கு ஒருமுறை. மூன்று நான்கு கிழமையில் விசிறியின் நடுவிலிருந்து புது இலை மேலெழும்பும். அது வந்தால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம், அன்றோடு குழாயை நிறுத்திவிடலாம். வெட்டிய வெளி இலைகள் மஞ்சளாகிக் காய்வது இயல்பு, அதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். தானியங்கித் தெளிப்பான் புல்லுக்கு அடிக்கும் எல்லைக்குள் ஐரிஸை நடவே கூடாது.

நடும்போது பசளை தேவையில்லை. வேண்டுமென்றால் குழியின் அடியில் ஒரு பிடி எலும்புத்தூளைக் கலக்கலாம், ஆனால் அணிலும் ராக்கூனும் மணம் பிடித்துத் தோண்டும் வளவாக இருந்தால் அதுவும் வேண்டாம். அடுத்த வசந்தத்தில், ஏப்ரல் கடைசியில் முளை எழும்பும்போது, 5-10-10 போல முதல் எண் சிறியதாக உள்ள பசளையை ஒரு கூட்டத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம், கிழங்கில் படாமல் நான்கைந்து அங்குலம் தள்ளிச் சுற்றிவரத் தூவுங்கள். பூ முடிந்து ஒரு மாதத்தில் இன்னொருமுறை. முதல் எண் நைதரசன். அது கூடினால் இலையும் கிழங்கும் நீர் கோத்து மெதுமெதுவென்று வளர்ந்து அழுகலுக்குக் கதவு திறக்கும். புல்லுக்குப் போடும் பசளை பக்கத்துப் பாத்தியில் தெறித்துவிழுவதாலேயே பல ஐரிஸ்கள் கெடுகின்றன.

முதல் குளிர்காலம்

முழுதாக வேரூன்றிய ஐரிஸுக்கு ரொறன்ரோக் குளிர் ஒரு பொருட்டல்ல. புதிதாக நட்டதற்கு ஆபத்து குளிரால் அல்ல, உறைந்து உருகி உறையும் மண் கிழங்கை மேலே தள்ளிவிடுவதால். நிலம் இறுகிய பிறகு, டிசம்பரில், நத்தார் மரக் கிளைகளையோ வைக்கோலையோ மேலே மெதுவாகப் போடுங்கள். வாடிய மேப்பிள் இலைக் குவியல் ஈரத்தில் பாயாகப் படிந்து அழுகவைக்கும், அதைப் போடாதீர்கள். பிந்தி நட்டவர்கள் கிழங்கின்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டால் மண்ணால் தள்ள முடியாது. மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மீறியும் கிழங்கு வெளியே வந்திருந்தால் பிடுங்கி மறுபடி நடாமல், அப்படியே இருக்கவிட்டுப் பக்கங்களில் மணலை அணைத்துவிடுங்கள்.

பூக்காவிட்டால்

நட்ட முதல் வசந்தத்தில் சில கிழங்குகள் பூக்காமல் இருப்பது வழக்கம், சிறிய குட்டியாக இருந்தால் இரண்டாவது வருடம் வரை பொறுக்க வேண்டும். இரண்டு வசந்தம் போயும் பூ இல்லையென்றால் முதலில் ஆழத்தைப் பாருங்கள். சுற்றிவர மண்ணை விலக்கி முதுகைத் திறந்துவிட்டாலே சிலவேளை போதும், கிண்டத் தேவையில்லை. அடுத்து நிழல்: நட்டபோது சிறியதாக இருந்த அயல் வீட்டு மரம் இப்போது எங்கே நிழல் விழுத்துகிறது என்று மே மாதத்தில் பாருங்கள். இலை கரும்பச்சையாக, அகலமாக, ஆளுயரம் நின்றால் நைதரசன் கூடியிருக்கிறது. மொட்டு வந்து பழுப்பாகிக் கருகினால் அது மே மாத உறைபனி, அதற்குச் செய்ய ஒன்றுமில்லை. இலையில் செம்பழுப்பு விளிம்புள்ள புள்ளிகள் பங்கசு நோய், பூவை நேரடியாகத் தடுக்காது, புள்ளி விழுந்த இலைகளை வெட்டி எடுத்தால் அடங்கும்.

மிஞ்சிய கிழங்குகள்

நான்கு வருடக் கூட்டம் ஒன்றில் பத்துப் பதினைந்து நல்ல கிழங்கு தேறும். கொடுப்பதென்றால் பத்திரிகைத்தாளிலோ கடதாசிப் பையிலோ சுற்றி, பெயரை எழுதிக் கொடுங்கள். பொலித்தீன் பையில் கட்டினால் இரண்டே நாளில் வியர்த்து அழுகும். எந்த நிறம் வாங்குவது என்று யோசிப்பவர்கள் யூன் முதல் வாரத்தில் ஹமில்டன் அருகே உள்ள ரோயல் பொட்டானிக்கல் கார்டன்ஸின் லேக்கிங் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கலாம், ஐரிஸ் திரட்டு அங்கே பெரியது. இலையுதிர் காலத்தில் இரண்டாம் முறை பூக்கும் இனங்களும் உண்டு. 1982 இல் பதிவான இம்மோர்டாலிட்டி என்ற வெள்ளை இனம் அவற்றில் நம்பகமானது. ஆனால் அதற்குக் கோடை முழுவதும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், ஒக்டோபர் உறைபனி முந்திக்கொண்டால் மொட்டோடு போகும்.

ஊருக்கு அனுப்ப ஆசைப்படாதீர்கள். செடி கொண்டுபோகத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும் என்பது ஒருபுறம். அதைத் தாண்டினாலும் பூக்க இதற்குக் குளிர்காலம் வேண்டும், யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ அது கிடைக்காது.